சோலார் போட்ட வீட்டில் தகராறா? அறிகுறியைப் பார்த்து வழி தேடுங்கள்

பல்லடம், பொங்கலூர், உடுமலைப் பக்கத்து வீடுகளுக்குச் சோலார் மாட்டிக் கொடுப்பதும், மாட்டிய பிறகு வருகிற புகாருக்குப் போய்ப் பார்ப்பதும்தான் என் தொழில். "பேனல் போச்சுங்க" என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பேனல் நன்றாகத்தான் இருக்கும். கோளாறு ஈபி லைனில் இருக்கும், மீட்டரில் இருக்கும், அதுவும் இல்லையென்றால் காகிதத்தில் இருக்கும். அதனால் மொட்டை மாடிக்கு ஏறுவதற்கு முன்னால் கீழே எதைப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் இதில் அதிகம் சொல்லியிருக்கிறேன்.

நம் பக்கம் பெரும்பாலான வீடுகளில் இருக்கிற 3 கிலோவாட் ஆன்கிரிட் (ஈபி லைனோடு சேர்ந்து ஓடுகிற) அமைப்பைத்தான் கணக்கில் வைத்திருக்கிறேன். 540 வாட் பேனல் ஆறு, பேனலின் டிசி மின்சாரத்தை வீட்டுக்கான ஏசி மின்சாரமாக மாற்றுகிற ஒரு இன்வெர்ட்டர், வாசலில் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் தனித்தனியாக எண்ணுகிற நெட் மீட்டர், அவ்வளவுதான். வருஷ சராசரியில் ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட், ஆக மொத்தம் 12 யூனிட் வரும்.

எதையும் தொடுவதற்கு முன் ஒன்று. ஆறு பேனலும் வரிசையாகச் சேர்ந்திருப்பதால் மாடியிலிருந்து இறங்குகிற கேபிளில் வெயில் நேரத்தில் 230 முதல் 300 வோல்ட் வரை டிசி இருக்கும். ஈபி மெயினை அணைத்தாலும் அது இருக்கும். நிறுத்த வேண்டுமென்றால் முதலில் ஏசி பிரேக்கர் (இன்வெர்ட்டருக்கும் ஈபிக்கும் நடுவில் இருக்கிற சுவிட்ச்), அப்புறம் டிசி ஐசொலேட்டர் (பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் இருக்கிற சுவிட்ச்). ஓடிக்கொண்டிருக்கும்போது பேனல் கனெக்டரைப் பிடுங்கினால் பொறி பறக்கும்; டிசி பொறி லேசில் அணையாது. கனெக்டரைக் கழற்றுகிற வேலை ஆள் வைத்துச் செய்கிற வேலை.

"கரண்ட் போனா சோலாரும் நின்னுருதுங்க"

இது கோளாறு இல்லை. ஆன்கிரிட் இன்வெர்ட்டர் ஈபி லைனைப் பார்த்துத்தான் ஓடும். லைன் செத்தால் அதுவும் நின்றாக வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேன் மீது உங்கள் வீட்டு மின்சாரம் பாயும். வாங்கும்போதே இதைச் சொல்லாதது விற்றவர் தப்பு.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணியிலிருந்து மாலை வரை நிறுத்துகிற நாளில் நல்ல வெயில் மொத்தமும் அதற்குள்ளேயே போய்விடும். போனில் இருக்கிற இன்வெர்ட்டர் ஆப்பில் ஒரு நாள் மட்டும் பள்ளமாகத் தெரிந்தால் அன்றைக்குப் பேப்பரில் 'மின்தடை' அறிவிப்பில் உங்கள் துணை மின்நிலையம் இருந்ததா என்று பாருங்கள்.

கரண்ட் வந்த பிறகும் இன்வெர்ட்டர் உடனே எழாது. லைன் நிலையாக இருக்கிறதா என்று சில நிமிடம் பார்த்துவிட்டுத்தான் சேரும். பத்து நிமிடம் தாண்டியும் எழவில்லை என்றால் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

இதில் ஒரு விபரீதம் நடக்கிறது. பழைய யுபிஎஸ் இருக்கிற வீட்டில், "யுபிஎஸ் லைன்லயே சோலாரைக் கோத்து விட்டா கரண்ட் இல்லாதப்பவும் ஓடுமில்ல" என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். ஆன்கிரிட் இன்வெர்ட்டர் தள்ளுகிற மின்சாரத்தை வாங்கிக்கொள்ள சாதாரண யுபிஎஸ்ஸுக்குத் தெரியாது. யுபிஎஸ் வேகும், சில சமயம் இரண்டும் சேர்ந்து போகும். ஜெனரேட்டருக்கும் இதே கதைதான்.

"வெயில் கொளுத்துது, இன்வெர்ட்டர்ல சிவப்பு லைட் எரியுது"

லைட் நிறத்தை விட்டுவிட்டுத் திரையில் வருகிற எழுத்தைப் படியுங்கள், இல்லை ஆப்பில் அலாரம் பக்கத்தைத் திறங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்று இருக்கும்: கிரிட் (ஈபி லைன்) இல்லை, கிரிட் ஓவர் வோல்டேஜ், ஐசொலேஷன் ஃபால்ட்.

கிரிட் இல்லை என்று வந்து, வீட்டில் கரண்ட் இருந்தால் ஏசி பெட்டியில் பிரேக்கர் விழுந்திருக்கும். தூக்கி விடுங்கள். மறுபடி விழுந்தால் அதோடு விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

ஓவர் வோல்டேஜ்தான் கொங்கு நாட்டுக்கென்றே வந்த வியாதி. வீட்டு லைன் 240 வோல்ட் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஓரளவு வரைதான் இன்வெர்ட்டர் பொறுக்கும். 253 வோல்ட்டிலேயே விலகுகிற மாதிரி செட் செய்ததும் உண்டு, 264 வரை தாங்குவதும் உண்டு. விசைத்தறி ஓடுகிற ஊர்களில் தறி நிற்கிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைப் பாருங்கள். டிரான்ஸ்பார்மரில் இழுக்க ஆள் இல்லை, வோல்டேஜ் ஏறிவிடும். அதே தெருவில் நான்கைந்து வீட்டில் சோலாரும் இருந்தால் எல்லாரும் சேர்ந்து உள்ளே தள்ளுவார்கள், இன்னும் ஏறும். வாரம் பூராவும் ஓடிவிட்டு ஞாயிறு மட்டும் பதினொரு மணிக்கு நின்று மூன்று மணிக்கு எழுகிற இன்வெர்ட்டருக்குப் பேனலில் ஒன்றும் இல்லை என்று போனிலேயே சொல்லிவிடலாம்.

கண்டுபிடிப்பது இப்படி. மத்தியானம் இன்வெர்ட்டர் ஓடும்போது அதன் திரையில் ஏசி வோல்டேஜ் எவ்வளவு என்று பாருங்கள். அதே நேரத்தில் எலக்ட்ரீஷியனை விட்டு மீட்டர் போர்டில் மல்டிமீட்டர் வைக்கச் சொல்லுங்கள். போர்டில் 247, இன்வெர்ட்டரில் 253 என்றால் நடுவில் இருக்கிற உங்கள் ஒயர்தான் குற்றவாளி. தோட்டத்துச் சாளைகளில் (தோட்ட வீடுகளில்) மீட்டர் ஒரு மூலையில், மாடி ஒரு மூலையில் இருக்கும். 30 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டிருந்தால், 3 கிலோவாட் ஓடுகிற 13 ஆம்பியரில் கிட்டத்தட்ட 6 வோல்ட் ஏறும். அதையே 6 சதுர மில்லிமீட்டராகப் போட்டால் இரண்டரை வோல்ட்டோடு நிற்கும். ஒயரை மாற்றுங்கள், தீர்ந்தது.

போர்டிலேயே 255, 260 என்று இருந்தால் அது ஈபியின் வேலை. தேதி, நேரத்தோடு படம் எடுத்து வைத்துக்கொண்டு பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுதிக் கொடுங்கள். டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற இணைப்பான டேப்பை மாற்றிக் குறைக்கலாம். வாயால் சொன்னால் "பாக்கறோமுங்க" என்பதோடு போய்விடும், எழுத்தில் கொடுத்தால்தான் நகரும். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் பதிந்து புகார் எண் வாங்கி வைப்பதும் நல்லது. மூன்று பேஸ் இணைப்பு இருக்கிற வீட்டில் இன்னொரு வழியும் உண்டு: எந்தப் பேஸில் வோல்டேஜ் குறைவோ அதற்கு இன்வெர்ட்டரை மாற்றிக் கொடுக்கலாம்.

ஒரு பேஸ் 280, இன்னொன்று 170 என்று ஆடினால், ஃபேன் ஓவென்று சுற்றி லைட் மங்கினால், அது நியூட்ரல் விட்டுப்போனது. சோலாரை மறந்துவிட்டு மெயினை இறக்குங்கள். பிரிட்ஜும் டிவியும் போகிற நேரம் அது.

"லிமிட்டை 280க்கு ஏத்தி விடுங்க, நிக்காம ஓடட்டும்" என்று கேட்கிறவர்கள் உண்டு. நான் செய்து கொடுப்பதில்லை. இன்வெர்ட்டர் தாங்கினாலும் அதே லைனில்தான் உங்கள் வீட்டுச் சாமானெல்லாம் இருக்கிறது.

மூன்றாவது, ஐசொலேஷன் ஃபால்ட், அதாவது பேனல் பக்கத்து மின்சாரம் தரைக்குக் கசிகிறது. மழை பெய்த மறுநாள் காலையில் வரும், பத்து பதினொரு மணிக்கு வெயில் ஏறியதும் தானாகப் போய்விடும். எங்கோ கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது, இல்லை அணில் கேபிளைக் கடித்திருக்கிறது. தானாகப் போகிறதே என்று விட்டுவிடக் கூடாது. பேனலுக்கு அடியில் கேபிள் தரையில் கிடக்கிறதா, கனெக்டர் தண்ணீர் தேங்குகிற இடத்தில் இருக்கிறதா என்று கண்ணால் மட்டும் பார்த்துப் படம் எடுத்து அனுப்புங்கள். கை வைக்க வேண்டாம்.

"சோலார் போட்டும் பில் குறையவே இல்லீங்க"

அதிகம் வருகிற புகார் இது. சண்டையில் முடிகிற புகாரும் இதுதான். கணக்கை ஒரு தடவை புரிந்துகொண்டால் பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள்.

ஆப் காட்டுவது பேனல் உற்பத்தி செய்த மொத்த யூனிட். நெட் மீட்டர் காட்டுவது வேறு: ஈபியிலிருந்து வீட்டுக்குள் வந்தது ஒரு எண், வீட்டிலிருந்து வெளியே போனது ஒரு எண். உற்பத்தியானதில் வீடு அந்த நேரத்திலேயே தின்றது மீட்டருக்கு வருவதே இல்லை. இரண்டு மாதத்தில் ஆப் 700 காட்டுகிறது, மீட்டரில் வெளியே போனது 420தான் என்றால் மீதி 280 எங்கே போனது என்று கேட்பார்கள். பகலில் உங்கள் ஃபேனும் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் தின்றது அது. உள்ளே வந்தது 520 என்றால், பில்லுக்குப் போவது 520 கழித்தல் 420, ஆக 100 யூனிட். வீட்டின் உண்மையான செலவு 520 கூட்டல் 280, அதாவது 800.

சோலார் இல்லாமல் அந்த 800 யூனிட்டுக்கு 2024 ஜூலை விலைப்படி 4,870 ரூபாய் வரும். முதல் 100 இலவசம், அடுத்த 300க்கு 4.80, பிறகு 6.45, 8.55, 9.65 என்று படி ஏறிக்கொண்டே போகும். 500 யூனிட்டைத் தாண்டாமல் இருந்தால் 101 முதல் 200 வரைக்கு 2.35தான்; ஒரு யூனிட் தாண்டினாலும் அந்தச் சலுகை மொத்தமாகப் போய்விடும். 490 யூனிட்டுக்கு 1,775 ரூபாய், 510 யூனிட்டுக்கு 2,170 ரூபாய். இருபது யூனிட்டுக்கு 395 ரூபாய் கூடுகிறது. சோலாரின் பெரிய லாபம் மேல்படி யூனிட்டுகளை வெட்டுவதில்தான் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டே ஓடுகிற வீட்டுக்குச் சோலார் போடச் சொல்லி நான் யாரையும் இழுப்பதில்லை.

இப்போது நிஜமான கோளாறுகள்.

மீட்டர் மாற்றும் முன்னாலேயே சோலாரை ஓட விட்டது. இது மோசமானது, ஏனென்றால் பழைய மீட்டர் பலவற்றுக்குத் திசை தெரியாது. வெளியே போகிற யூனிட்டையும் உள்ளே வந்ததாகவே கூட்டும். நீங்கள் ஈபிக்கு மின்சாரமும் கொடுத்து அதற்குக் காசும் கட்டுவீர்கள். சோதிப்பது எளிது. நல்ல வெயிலில், சோலார் ஓடும்போது, வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் நில்லுங்கள். உள்ளே வருகிற எண் ஏறினால் அதே கோளாறு. நெட் மீட்டர் வருகிற வரை இன்வெர்ட்டரை நிறுத்தி வையுங்கள். "நாலு நாள் சும்மா ஓடட்டுமே" என்பதில் லாபம் இல்லை, நஷ்டம்தான்.

ரீடிங் எடுத்ததில் பிசகு. நெட் மீட்டரில் பொத்தானை அமுக்கினால் எண்கள் மாறி மாறி வரும். பல மீட்டர்களில் 1.8.0 என்று ஓரத்தில் தெரிவது உள்ளே வந்தது, 2.8.0 என்பது வெளியே போனது. கணக்கெடுக்க வந்தவர் முதல் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு போயிருக்கலாம். ரீடிங் எடுக்கிற நாளில் இரண்டையும் நீங்களே படம் எடுத்து வையுங்கள், பில்லோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் படத்தோடு பிரிவு அலுவலகம் போனால் திருத்திக் கொடுப்பார்கள். படம் இல்லாமல் போனால் அடுத்த ரீடிங் வரட்டும் என்பார்கள்.

இரண்டு கார்டு இருக்கிற வீடு. கீழே அப்பா, மேலே மகன், இரண்டு இணைப்பு. சோலார் ஒரு இணைப்பில்தான் கழியும். ஏசி மேல் வீட்டில் ஓடுகிறது, சோலார் கீழ் வீட்டு எண்ணில் இருக்கிறது என்றால் பில் எப்படிக் குறையும்? மாட்டும் முன்பே எந்த எண்ணுக்குச் செலவு அதிகம் என்று பார்த்திருக்க வேண்டியது.

அப்புறம் ஏசி. "சோலார்தான் இருக்குதே" என்று சோலார் வந்த கோடையிலேயே இன்னொரு ஏசி வாங்கிவிடுவார்கள். ஒன்றரை டன் ஏசி ராத்திரி பூராவும் ஓடினால் எட்டுப் பத்து யூனிட் தின்னும். உங்கள் பேனல் நாள் முழுக்கச் சம்பாதிப்பதே 12. போன வருஷ இதே மாதத்துப் பில்லில் யூனிட் எவ்வளவு என்று பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்.

துணி துவைப்பதையும் மோட்டார் போடுவதையும் மத்தியானத்துக்கு மாற்றினால் பில் குறையுமா என்று கேட்பார்கள். நெட் மீட்டரில் யூனிட்டுக்கு யூனிட் கழிவதால் பில்லில் வித்தியாசம் வராது. ஆனால் வோல்டேஜ் ஏறி இன்வெர்ட்டர் நிற்கிற வீடாக இருந்தால் மத்தியானம் மோட்டார் போடுவது நல்லது; லைனில் தள்ளுவது குறையும், அழுத்தம் இறங்கும்.

"போன வருஷம் 13 யூனிட் வந்துச்சு, இப்ப 9 தான்"

முதலில் மாதம் என்ன என்று பாருங்கள். மாசி, பங்குனியில் வருகிற யூனிட் ஆடியில் வராது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் மேகமும் வருகிற காலத்தில் பொள்ளாச்சி, கோவைப் பக்கம் நன்றாகவே குறையும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இன்னும் இறங்கும். ஒப்பிடுவதென்றால் போன வருஷ இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

சித்திரை வெயிலில் 3 கிலோவாட் அமைப்பு 2.4, 2.5 காட்டினால் அதுவும் சரிதான். 25 டிகிரி சூட்டில் அளந்த அளவுதான் பேனலில் அச்சிட்டிருப்பது. பேனல் சுடச்சுட ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும்.

மாதமும் சரி, வானமும் சரி, அப்படியும் குறைகிறது என்றால் அழுக்கு. நூல் மில் பக்கத்தில் பஞ்சுத் தூசி படியும், கிரஷர் பக்கத்தில் கல் மாவு, பொள்ளாச்சியில் தேங்காய் மஞ்சித் (நார்த்) தூள். எல்லாவற்றுக்கும் மேலே மயில். நம் காடு தோட்டங்களில் மயில் பெருகிப் போனது. காலையில் பேனல் மேல் வந்து உட்கார்ந்துவிட்டு அடையாளம் வைத்துவிட்டுப் போகும். தூசி பரவலாகப் படிந்தால் சீராகக் குறையும். மயில் எச்சம் ஓரிடத்தில் காய்ந்து ஒட்டினால் அந்தச் செல்லை மறைத்து, அந்தப் பேனலின் மூன்றில் ஒரு பங்கையே முடக்கும். மழை அதைக் கழுவாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

கழுவுவதில்தான் பெரிய தப்பு நடக்கிறது. மத்தியானம் சுடுகிற கண்ணாடி மேல் போர் தண்ணியைப் பிடித்து அடிப்பார்கள். நம் போர் தண்ணி உப்புத் தண்ணி. காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக உப்புக் கறை பிடிக்கும். சில மாதம் இப்படியே கழுவினால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் நிரந்தரமாக ஏறிவிடும், தூசியைவிட அது மோசம். விடியற்காலையில், பேனல் குளிர்ந்திருக்கும்போது, நல்ல தண்ணியில் கழுவுங்கள். அத்திக்கடவு தண்ணியோ பில்லூர் தண்ணியோ மழைத் தொட்டித் தண்ணியோ எதுவானாலும் சரி. போர் தண்ணிதான் உண்டு என்றால் கழுவிய கையோடு ரப்பர் வைப்பரால் வழித்து எடுத்துவிடுங்கள். சோப்புத் தூள் வேண்டாம், கம்பி நார் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது நிழல். போடும்போது கைக்கெட்டும் உயரத்தில் இருந்த தென்னை இப்போது வளர்ந்திருக்கும். காலை 9, மத்தியானம் 12, மாலை 3 என்று மூன்று நேரம் மாடியில் போய்ப் பாருங்கள். ஒரு மட்டையின் நிழல் கோடு மாதிரிதான் விழும், ஆனால் வரிசையில் கோத்த பேனலில் அந்தக் கோடு போதும்.

இதெல்லாம் இல்லையென்றால் ஒரு எண் மட்டும் பாருங்கள். நல்ல வெயிலில் இன்வெர்ட்டர் திரையில் பிவி வோல்டேஜ், அதாவது பேனலிலிருந்து வருகிற வோல்ட். ஆறு பேனலுக்கு 230, 240 பக்கத்தில் இருக்கும். ஒரு பேனல் முழுக்க விலகினால் 40 வோல்ட் குறைந்து 200 பக்கம் வரும். 13, 14 வோல்ட் மட்டும் குறைந்தால் ஒரு பேனலின் மூன்றில் ஒரு பங்கு செத்திருக்கிறது, பேனலுக்குள் இருக்கிற டயோடோ மேலே ஒட்டிய மயில் எச்சமோ காரணம். போட்ட அன்றைக்கு இந்த எண்ணை எழுதி இன்வெர்ட்டர் பக்கத்தில் ஒட்டி வைத்தவர் வீட்டில் எனக்கு வேலை ரொம்பச் சுலபம்.

"மானியம் இன்னும் வரலீங்க"

வீட்டுச் சோலாருக்கு மத்திய அரசு மானியம் தருகிற பிஎம் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் எவ்வளவு போட்டாலும் 78,000 ரூபாய். பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். மாட்டிக் கொடுத்தவர் கணக்குக்குப் போகாது. மீட்டர் வைத்து, ஆய்வு முடிந்து, இணையதளத்தில் இயக்கச் சான்று ஏறிய பிறகு முப்பது நாள் கணக்கு. அதற்கு முன்னால் எதிர்பார்க்க வேண்டாம்.

தளத்தில் உங்கள் எண்ணில் நுழைந்து எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள்.

ஆரம்பத்திலேயே நிற்கிறது என்றால் பெயர்தான் காரணம். ஈபி கார்டு தாத்தா பேரில், வீடு அப்பா பேரில், விண்ணப்பம் மகன் பேரில். கொங்கு நாட்டில் பங்கு பிரித்து இருபது வருஷம் ஆனாலும் கார்டில் தாத்தாதான் இருப்பார். முதலில் மின் இணைப்பைப் பெயர் மாற்றுங்கள், அப்புறம் விண்ணப்பியுங்கள். பாதியில் மாற்றினால் இரட்டை அலைச்சல்.

லைன் உங்கள் சோலாரைத் தாங்குமா என்று சாத்தியக்கூறு பார்க்க வேண்டும் என ஈபியில் இழுத்தால், 10 கிலோவாட் வரை அந்த ஆய்வு தேவையில்லை என்று 2024ல் மத்திய விதியே மாறிவிட்டது என்பதைச் சொல்லுங்கள்.

மாட்டி முடித்து, ஆய்வும் முடிந்து, அப்படியே நிற்கிறது என்றால் வங்கி விவரம் ஏறவில்லை. மானியம் கேட்டு நீங்கள்தான் கணக்கு எண்ணைப் பதிய வேண்டும்; மாட்டியவர் செய்துவிட்டார் என்று இருந்துவிடுவார்கள். பதிந்தும் திரும்பி வந்தால் மூன்று விஷயம் பாருங்கள்: கணக்கில் உள்ள பெயரும் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் ஒன்றா, கணக்கு ஓடாமல் முடங்கிக் கிடக்கிறதா, 2020ல் வேறு வங்கியோடு இணைந்த வங்கியின் பழைய ஐஎஃப்எஸ்சி எண்ணைக் கொடுத்துவிட்டீர்களா.

தீர்க்கவே முடியாதது ஒன்று உண்டு. மானியம் வேண்டுமானால் பேனலும் அதற்குள் இருக்கிற செல்களும் இந்தியாவிலேயே செய்தவையாக, அதாவது டிசிஆர் பேனலாக இருக்க வேண்டும். விலை குறைவு என்று வேறு பேனலை மாட்டிவிட்டால் பிறகு எந்த ஆபீசுக்குப் போனாலும் நடக்காது. பேனல் பின்னால் இருக்கிற வரிசை எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள், மாட்டும் முன் ஒத்துப் பாருங்கள். மாட்டுகிறவர் திட்டத்தில் பதிவு செய்தவரா என்பதையும் அதே தளத்தில் பார்க்கலாம். பதிவு செய்தவர் ஐந்து வருஷம் பராமரித்துக் கொடுக்கவும் கடமைப்பட்டவர்.

தறி குடோனுக்கு இந்த மானியம் இல்லை, வீட்டு இணைப்புக்கு மட்டும்தான். தோட்டத்து இலவச மின்சார இணைப்புக்கும் இல்லை; சோலார் பம்பு வேண்டுமென்றால் அது வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக வருகிற வேறு திட்டம்.

விலைப்பட்டியலில் வரியையும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாமானுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. மாட்டும் கூலியோடு சேர்த்து மொத்தத்துக்கு 8.9 சதவீதம் வரும், 13.8 போட்டிருந்தால் அது பழைய கணக்கு.

"பேட்டரி போட்டும் கரண்ட் போனா இருட்டுதான்"

பேட்டரிக்குத் தனியாக மானியம் கிடையாது. ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் சேர்த்துப் போட்டாலும் அதே 78,000தான். "பேட்டரிக்கும் மானியம்" என்று சொல்லி விற்றால் பேனலுக்கு வருவதைத்தான் பிரித்துக் காட்டுகிறார்கள். நெட் மீட்டர் இருக்கிற வரை ஈபியே உங்கள் சேமிப்புக் கிடங்கு. மின்வெட்டு தொல்லை இருக்கிற வீட்டுக்கு மட்டும் பேட்டரி போடுங்கள் என்பது என் எண்ணம்.

போட்டாயிற்று, வேலை செய்யவில்லை என்றால்: ஹைபிரிட் இன்வெர்ட்டரில் பேக்கப் என்று தனி வெளிவழி (அவுட்புட்) இருக்கும். கரண்ட் போனால் அதில் கோத்த லைன் மட்டும்தான் எரியும். வீட்டு ஒயரிங்கைப் பிரிக்காமல் எல்லாவற்றையும் ஈபி பக்கமே விட்டிருந்தால் பேட்டரி நிறைய இருந்தும் இருட்டுதான். பேக்கப் லைனின் நியூட்ரலை மற்ற நியூட்ரலோடு கலந்து வைத்திருந்தால் மின்கசிவு கண்டால் அணைகிற ஆர்சிசிபி சுவிட்ச் விழுந்துகொண்டே இருக்கும்.

காலை ஆறு மணிக்குக் கரண்ட் போகும்போது பேட்டரி காலியாக இருக்கிறதா? அது செட்டிங். 'சுய பயன்பாடு' முறையில் வைத்திருந்தால் ராத்திரி பூராவும் பேட்டரியைத்தான் வீடு தின்னும். நெட் மீட்டர் இருக்கிறபோது அதனால் பைசா லாபம் இல்லை; ஏற்றி இறக்குவதிலேயே பத்துப் பதினைந்து சதவீதம் வீணாகும், பேட்டரி ஆயுளும் தேயும். 'பேக்கப்' முறைக்கு மாற்றி, 80 சதவீதத்துக்குக் கீழே தொடாதே என்று வைத்துவிடுங்கள்.

மோட்டார் போட்டவுடன் எல்லாம் அணைந்தால் அதிலும் கோளாறு இல்லை. ஒரு எச்பி மோட்டார் ஓடும்போது முக்கால் கிலோவாட்தான், கிளம்பும்போது அதைப்போல நான்கைந்து மடங்கு இழுக்கும். மோட்டாரை பேக்கப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். 5 யூனிட் லித்தியம் பேட்டரியில் நான்கு, நாலரை யூனிட் பயன்படும். ஃபேன், லைட், பிரிட்ஜ், டிவி என்றால் ஒரு ராத்திரிக்குத் தாராளம்.

பேட்டரி தெரியவில்லை, பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கிற சர்க்யூட்) தொடர்பு இல்லை என்று வந்தால் பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் இருக்கிற நெட்வொர்க் கேபிளை அழுத்திக் குத்திப் பாருங்கள். பழைய டியூபுலர் பேட்டரியாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பாருங்கள். அதிலும் போர் தண்ணி ஊற்றியவர்கள் இருக்கிறார்கள்.

"ஆப்ல ஒண்ணுமே காட்ட மாட்டேங்குது"

இன்வெர்ட்டரில் பச்சை லைட் எரிந்தால் உற்பத்தி நடக்கிறது. வைஃபை பாஸ்வேர்ட் மாற்றியிருப்பீர்கள், இல்லை ரூட்டர் மாறியிருக்கும். மறுபடி இணைத்தால் போதும். இதற்காக ஆளைக் கூப்பிட்டு 500 ரூபாய் கொடுக்காதீர்கள்.

கூப்பிடுவதற்கு முன்

நாலு படம் எடுத்து அனுப்புங்கள்: இன்வெர்ட்டர் திரையில் வந்த பிழை, மத்தியான நேரத்துப் பிவி வோல்டேஜும் ஏசி வோல்டேஜும், நெட் மீட்டரின் இரண்டு ரீடிங், கடைசி பில். "ஓட மாட்டேங்குதுங்க" என்று மட்டும் சொன்னால் நான் வண்டி எடுத்துக்கொண்டு வந்து இதே நாலையும்தான் முதலில் பார்ப்பேன், வந்ததற்குக் காசும் வாங்குவேன்.